உள்ளரங்கப் பயிர் அறைக்கு இன்லைன் விசிறி: லோஹேகாவ் தட்பவெப்பத்துக்கு ஏற்றதைத் தேர்வு செய்வது எப்படி?

லோஹேகாவ் (புனே): வீட்டின் ஓர் அறையிலோ மொட்டைமாடிக் கொட்டகையிலோ காளான், நுண்கீரை, மூலிகைச் செடிகள் ஆகியவற்றை வளர்ப்போர் பெரும்பாலும் கடைசியாக வாங்கும் பொருள் காற்றோட்ட விசிறி. ஆனால், விளைச்சல் கிடைக்குமா, வீணாகுமா என்பதைத் தீர்மானிப்பவற்றில் அது முதன்மையானது. விசிறி சிறியதானால் அறை புழுங்கும். பெரியதானால் பயிர் உலர்ந்துவிடும். கோடையில் வறண்ட வெப்பம், மழைக்காலத்தில் மிகுந்த ஈரம், குளிர்காலத்தில் கடும் இரவுக் குளிர் என ஒரே ஆண்டில் மூன்று முகம் காட்டும் புனேயில் இந்தத் தேர்வு இன்னும் கடினமானது. பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட எண்ணை மட்டும் நம்பி வாங்கினால் பணமும் பயிரும் ஒருசேர இழப்பாகலாம்.

லோஹேகாவ் ஏன் நல்ல எடுத்துக்காட்டு?

புனே நகரின் வடகிழக்கில் விமான நிலையமும் விமானப்படைத் தளமும் அமைந்துள்ள பகுதி லோஹேகாவ். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வெப்பநிலைப் பதிவுகளில் சிவாஜிநகருடன் சேர்த்து அடிக்கடி இடம்பெறும் பெயர் இது. ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் உண்டு. அப்போது பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் மிகவும் குறைந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் பகல் வெப்பம் 30 டிகிரிக்குக் கீழ் இறங்கி, ஈரப்பதம் 80 சதவீதத்தைக் கடக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் 10 முதல் 12 டிகிரி வரை குளிரும்.

விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 590 மீட்டர் உயரத்தில் உள்ளது. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு. விசிறி அதே கன அளவு காற்றைத் தள்ளினாலும், அந்தக் காற்று சுமந்து செல்லும் வெப்பம் அதே அளவுக்குக் குறையும். அருகிலுள்ள வாகோலியின் கல் குவாரிகளும் பெருகிவரும் கட்டுமானப் பணிகளும் எழுப்பும் தூசியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

புனே வட்டாரத்துக்குக் கட்டுப்படுத்தப்பட்ட சூழலில் பயிர் வளர்ப்பது புதிதல்ல. தலேகாவில் பசுமைக்குடில் மலர் சாகுபடிக்கென்றே தனிப் பூங்கா உள்ளது. அண்மை ஆண்டுகளில் கப்பல் சரக்குப் பெட்டிக்குள் குங்குமப்பூ வளர்த்த முயற்சியும் இங்கிருந்து செய்தியானது.

இன்லைன் விசிறி என்றால் என்ன?

சமையலறையில் பொருத்தும் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவரின் துளையில் நேரடியாக அமர்ந்து, எதிர்ப்பு ஏதுமின்றிக் காற்றை வெளியே தள்ளுவது. இன்லைன் விசிறி வட்டக் குழாயின் நடுவே பொருத்தப்படுவது. ஒரு முனையில் காற்றை உறிஞ்சி மறு முனையில் தள்ளும். 100, 125, 150, 200 மில்லிமீட்டர் விட்டங்களில் பொதுவாகக் கிடைக்கிறது. கடைகளில் இவற்றை 4, 5, 6, 8 அங்குலம் என்றே குறிப்பிடுகின்றனர்.

குழாய், வளைவு, வடிகட்டி ஆகியவை காற்றின் ஓட்டத்தைத் தடுக்கும். அந்தத் தடையை மீறித் தள்ளும் திறனே நிலை அழுத்தம். இது பாஸ்கல் என்ற அலகால் அளக்கப்படுகிறது. சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனை நீண்ட குழாயில் பொருத்தினால் இறக்கை சுற்றிக்கொண்டே இருக்கும், காற்று நகராது. வடிகட்டியும் குழாயும் உள்ள அமைப்புக்கு இன்லைன் விசிறி தேவைப்படுவது இதனால்தான்.

முதலில் பயிரைக் கேளுங்கள்

எந்த விசிறி என்பதற்கு முன் எந்தப் பயிர் என்ற கேள்விக்கு விடை தேவை. காளானும் விளக்கொளியில் வளரும் கீரையும் காற்றோட்டத்தை வெவ்வேறு காரணங்களுக்காகக் கேட்கின்றன.

காளான் மனிதரைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறது. பூசண இழை பைக்குள் பரவும் பருவத்தில் அந்த வாயு மிகுந்திருந்தாலும் பாதிப்பில்லை. அப்போது காற்றோட்டம் குறைவாக இருப்பதே நல்லது. மொட்டு அரும்பத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். அறைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 1,000 பி.பி.எம். அளவைத் தாண்டாமல் இருக்க வேண்டும். வெளிக்காற்றில் அது ஏறத்தாழ 420 பி.பி.எம். உள்ளது. வரம்பு மீறினால் சிப்பிக் காளானின் காம்பு நீண்டு, குடை சிறுத்துப்போகும். சந்தையில் அதற்கு விலை கிடைக்காது.

வெப்பத் தேவையும் வகைக்கு வகை மாறும். மொட்டுக் காளான் அரும்ப 14 முதல் 18 டிகிரி வேண்டும். சிப்பிக் காளானுக்கு 20 முதல் 30 டிகிரி போதும். பால் காளான் 30 முதல் 35 டிகிரியில் செழிக்கும். கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏபிகே-2 பால் காளான் இந்த வெப்பத்துக்கு ஏற்ற வகை. குளிரூட்டி இல்லாத லோஹேகாவ் அறையில் கோடைக்குப் பால் காளான், மழைக்காலத்துக்குச் சிப்பிக் காளான் எனப் பயிரை மாற்றினாலே விசிறியின் பாதிச் சுமை குறையும்.

நுண்கீரைகளும் மூலிகைச் செடிகளும் வளரும் அறையில் பிரச்சினை விளக்கின் வெப்பம். எல்இடி விளக்கு உறிஞ்சும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் அறையின் வெப்பமாகவே முடிகிறது. அதை வெளியேற்றுவதே அங்கு விசிறியின் முதல் வேலை.

குங்குமப்பூ, மொட்டுக் காளான் போன்ற குளிர் விரும்பும் பயிர்களுக்கு எவ்வளவு பெரிய விசிறியும் போதாது. காற்றோட்டம் அறையை வெளிக்காற்றின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுசெல்லாது. வெளியே 39 டிகிரி இருந்தால், உலகின் சிறந்த விசிறியும் 39 டிகிரிக் காற்றையே உள்ளே கொண்டுவரும். அப்பயிர்களுக்குக் குளிரூட்டும் இயந்திரமும் வெப்பக்காப்புச் சுவரும் தேவை. விசிறி அங்கே துணை மட்டுமே.

எவ்வளவு காற்று தேவை?

காளான் அறைக்கான கணக்கு எளிது. 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரமுள்ள அறையின் கொள்ளளவு சுமார் 24 கன மீட்டர். அறைக் காற்று மணிக்கு 6 முறை மாற வேண்டும் எனக் கொண்டால், மணிக்கு ஏறத்தாழ 146 கன மீட்டர் காற்று தேவை. பெட்டிகளில் காணப்படும் சி.எப்.எம். அலகில் இது 86. ஒரு சி.எப்.எம். என்பது மணிக்கு 1.7 கன மீட்டருக்குச் சமம்.

6 முறை என்பது தொடக்கக் கணக்கு மட்டுமே. அறையில் பைகள் நெருக்கமாக இருந்தால் கூடுதலாகவும், குறைவாக இருந்தால் குறைவாகவும் தேவைப்படும். கார்பன் டை ஆக்சைடு அளவீட்டுக் கருவி ஒன்றைப் பைகளின் மட்டத்தில் வைத்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

விளக்குள்ள அறைக்குக் கொள்ளளவுக் கணக்கு பொருந்தாது. 1.2 மீட்டர் சதுரமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட வளர்ப்புக் கூடாரத்தின் கொள்ளளவு 2.9 கன மீட்டர்தான். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை காற்று மாறினால் போதும் என்ற பரவலான விதியின்படி மணிக்கு 58 கன மீட்டர் போதும் எனத் தோன்றும். ஆனால், அதனுள் 300 வாட் விளக்கு எரிந்தால், அந்தக் காற்றோட்டத்தில் உள்வெப்பம் வெளியைவிட 16 டிகிரிக்கு மேல் உயரக்கூடும்.

சரியான கணக்கு இது: விளக்கின் வாட் அளவை 3.2-ஆல் பெருக்கி, வெளிக்காற்றைவிட எத்தனை டிகிரி உயர்வைப் பயிர் தாங்கும் என்ற எண்ணால் வகுக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் இந்த எண் 3. லோஹேகாவின் உயரத்துக்கு 3.2. 300 வாட் விளக்குக்கு 3 டிகிரி உயர்வு மட்டும் அனுமதித்தால் மணிக்கு 320 கன மீட்டர் காற்று தேவை. இது முன்னர் சொன்ன 58-ஐப்போல் ஐந்து மடங்குக்கும் அதிகம். சுவர் வழியாக வெளியேறும் வெப்பமும் இலைகள் ஆவியாக்கும் நீரும் இந்தத் தேவையைச் சற்றுக் குறைக்கும்.

பெட்டியில் உள்ள எண்ணும் உண்மை நிலையும்

விசிறியின் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது தடையற்ற நிலையில் அளந்த காற்றின் அளவு. குழாயும் வடிகட்டியும் இணைந்ததும் அது சரியும். மணிக்கு 500 கன மீட்டர் என்று எழுதப்பட்ட விசிறி, 150 பாஸ்கல் எதிர்ப்பில் அதன் பாதியைக்கூடத் தராமல் போகலாம். எனவே, காற்றளவையும் அழுத்தத்தையும் ஒரே வரைபடத்தில் காட்டும் செயல்திறன் வளைவைக் கேட்டு வாங்குவது அவசியம். அந்த வளைவை வெளியிடாத தயாரிப்பைத் தவிர்ப்பது நல்லது.

குழாயின் விட்டமும் முக்கியம். மணிக்கு 320 கன மீட்டர் காற்று 150 மில்லிமீட்டர் குழாயில் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் செல்லும். அதையே 100 மில்லிமீட்டர் குழாயில் செலுத்தினால் வேகம் 11 மீட்டரைத் தாண்டும். உராய்வுத் தடை ஏழு மடங்குக்கு மேல் கூடும். இரைச்சலும் அதற்கேற்ப உயரும். வேகம் விநாடிக்கு 5 முதல் 6 மீட்டருக்குள் இருக்கும்படி குழாயைத் தேர்வு செய்யலாம்.

சுருங்கி விரியும் அலுமினியக் குழாயை முழுவதும் இழுத்துப் பொருத்த வேண்டும். தொய்வாக விட்டால் உள்மடிப்புகள் காற்றைத் தடுக்கும். நேர்ப் பாதைக்கு வழவழப்பான பி.வி.சி. குழாய் மேலானது. ஒவ்வொரு செங்குத்து வளைவும் பல மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமமான தடையைத் தரக்கூடும் என்பதால் வளைவுகளைக் குறைப்பது பலன் தரும்.

பெரிய விசிறியின் மறைமுகச் செலவு

சிறியதைவிடப் பெரியதே பாதுகாப்பானது என்ற எண்ணத்தில் வாங்குவோர் உண்டு. லோஹேகாவின் ஏப்ரல் பிற்பகல் இந்த எண்ணத்தைப் பொய்யாக்கும்.

வெளியே 38 டிகிரி வெப்பமும் 18 சதவீத ஈரப்பதமும் இருக்கையில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 8 கிராம் நீராவிதான் இருக்கும். காளான் அறையை 26 டிகிரியிலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் வைத்திருக்க ஒரு கன மீட்டருக்கு 20 கிராமுக்கு மேல் வேண்டும். உள்ளே வரும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஏறத்தாழ 12 கிராம் நீரை வளர்ப்பவர் சேர்க்க வேண்டும். மணிக்கு 146 கன மீட்டர் காற்றுக்கு 1.8 லிட்டர் நீர் தேவை. 500 கன மீட்டர் விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டால் மணிக்கு 6 லிட்டருக்கு மேல் தேவைப்படும். ஈரமூட்டும் கருவி அதற்கு ஈடுகொடுக்காவிட்டால், அரும்பிய மொட்டுகள் மஞ்சளாகிக் கருகிவிடும்.

இதே வறட்சி ஒரு வாய்ப்பும்கூட. காற்று நுழையும் இடத்தில் ஏர் கூலரில் உள்ளதைப் போன்ற நனைந்த தேன்கூட்டுத் திண்டை வைத்தால், அத்தகைய உலர்ந்த பிற்பகலில் உள்ளே வரும் காற்றின் வெப்பம் 10 டிகிரிக்கு மேல் குறையும், ஈரமும் சேரும். ஆனால், திண்டும் காற்றைத் தடுக்கும் என்பதால் அதையும் சேர்த்து விசிறியின் அழுத்தத் திறனைக் கணக்கிட வேண்டும்.

ஆகஸ்டில் கணக்கு மாறுகிறது. வெளிக்காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் விசிறியை வேகமாக ஓட்டினாலும் காளான் உலராது. நனைதிண்டினால் பயனும் இராது. கீரை அறையிலோ எவ்வளவு காற்றை மாற்றினாலும் ஈரம் குறையாது. பூஞ்சை நோயைத் தவிர்க்க ஈரம் நீக்கும் கருவியும், இலைகளுக்கிடையே காற்றை அசைக்கும் சிறு விசிறியும் தேவைப்படும்.

ஜனவரி இரவில் 11 டிகிரிக் காற்றை மணிக்கு 146 கன மீட்டர் வீதம் இழுத்தால், அறையை 20 டிகிரியில் வைத்திருக்கச் சுமார் 400 வாட் வெப்பத்தைத் தொடர்ந்து தர வேண்டியிருக்கும். காளான் கெடாத அளவுக்கு விசிறியின் வேகத்தைக் குறைப்பதே சிக்கனம். விளக்குள்ள அறையில், கோடையில் விளக்குகளை இரவிலும் குளிர்காலத்தில் பகலைவிடக் குளிரான நேரத்திலும் எரியவிட்டால் வெப்பநிலை சீராகும்.

ஆக, ஒரே வேகத்தில் ஓடும் விசிறி இந்த ஊருக்குப் பொருந்தாது. தேவையான காற்றை, உண்மையான தடையோடு, முழு வேகத்தின் 60 முதல் 70 சதவீதத்தில் தரக்கூடியதும், அதற்கும் கீழே வேகத்தைக் குறைக்க முடிந்ததுமான விசிறியே சரியான தேர்வு.

மோட்டாரும் மின்செலவும்

இ.சி. வகை மோட்டார் கொண்ட விசிறிகளின் விலை அதிகம். எனினும் வேகத்தைச் சீராகக் குறைக்க முடியும், மின்சாரமும் மிச்சமாகும். விசிறியின் வேகம் 70 சதவீதமாகக் குறையும்போது, கோட்பாட்டின்படி மின்தேவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 60 வாட் விசிறி நாள் முழுவதும் முழு வேகத்தில் ஓடினால் மாதம் 43 யூனிட் செலவாகும் என்பதால் இந்த வேறுபாடு சிறியதல்ல.

வீட்டுச் சீலிங் ஃபேன் ரெகுலேட்டரை இ.சி. மோட்டாருடன் இணைக்கக் கூடாது. அதற்குரிய கட்டுப்பாட்டுக் கருவியையே பயன்படுத்த வேண்டும். சாதாரண ஏ.சி. மோட்டாருக்கும் பொருந்தாத ரெகுலேட்டரை இணைத்தால் முனகல் ஒலியும் சூடும் ஏற்படும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்போர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு உரியதா எனச் சரிபார்க்க வேண்டும். 120 வோல்ட் விசிறியை நேரடியாக இணைத்தால் எரிந்துவிடும்.

ஈரமான அறை என்பதால் நீர்த்தெறிப்பைத் தாங்கும் ஐ.பி.எக்ஸ்-4 தரம் இருப்பது நல்லது. 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் கட்டாயம் தேவை. இயன்றால் விசிறியை ஈர அறைக்கு வெளியே பொருத்துவது மோட்டாரின் ஆயுளைக் கூட்டும்.

தள்ளுவதா, இழுப்பதா?

விளக்குள்ள கூடாரத்தில் சூடான காற்று மேலே சேரும். எனவே, விசிறியை மேற்புறம் வைத்து வெளியே இழுப்பதும், கீழ்ப்புறம் காற்று நுழைய வழிவிடுவதும் முறை. நுழைவழியின் பரப்பு வெளிக்குழாயைப்போல் குறைந்தது இரு மடங்கு இருக்க வேண்டும். கூடாரத்தின் பக்கங்கள் உட்புறமாகக் குழிந்தால் நுழைவழி போதவில்லை என்று பொருள்.

காளான் அறையில் இதற்கு நேர்மாறாக, வடிகட்டிய காற்றை உள்ளே தள்ளுவதே சிறந்தது. அறையின் அழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால், கதவிடுக்கு வழியாகக் காளான் ஈக்களும் நோய்க்கிருமிகளின் வித்துகளும் இழுக்கப்படாது. வெளியேறும் துளைக்கு நுண்வலையும், காற்று திரும்பி வராதபடி மூடும் மடிப்பும் பொருத்த வேண்டும்.

லோஹேகாவின் தூசிக்கு முதன்மை வடிகட்டிக்கு முன்னால் கழுவக்கூடிய முன்வடிகட்டி ஒன்று அவசியம். கோடையில் அதை வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது. அடைபட்ட வடிகட்டி, நல்ல விசிறியையும் சிறிய விசிறியாக்கிவிடும். கரி வடிகட்டி வாசனையை நீக்க மட்டுமே உதவும். கீரைக்கும் காளானுக்கும் பொதுவாக அது தேவையில்லை.

சுவாசத்துக்கும் காவல்

முதிர்ந்த சிப்பிக் காளான் ஏராளமான வித்துத்தூளை வெளியிடும். அதைத் தொடர்ந்து சுவாசிப்போருக்கு ஒவ்வாமையும், காளான் தொழிலாளர் நுரையீரல் என அறியப்படும் அழற்சியும் ஏற்படக்கூடும். குடை முழுமையாக விரியும் முன்பே அறுவடை செய்வது, அறைக்குள் முகக்கவசம் அணிவது, வெளியேறும் காற்று குடியிருப்பு அறைக்கோ அண்டை வீட்டு ஜன்னலுக்கோ செல்லாதபடி குழாயை அமைப்பது ஆகியவை இன்றியமையாதவை. படுக்கையறையின் ஒரு மூலையில் காளான் வளர்ப்பதைத் தவிர்க்க வேண்டும். மின்தடை ஏற்பட்டு மூடிக் கிடந்த அறைக்குள் நுழையும் முன் கதவைத் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்துவதும் அவசியம்.

இரைச்சலையும் முன்கூட்டியே கருத வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு முழுவதும் ஓடும் விசிறி அண்டை வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்கும். சற்றுப் பெரிய விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓட்டுவது, சிறிய விசிறியை முழு வேகத்தில் ஓட்டுவதைவிட அமைதியானது. ரப்பர் தாங்கியில் தொங்கவிட்டால் சுவருக்கு அதிர்வு பரவாது.

வாங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

* பயிர் எது, அது தாங்கும் வெப்பமும் ஈரப்பதமும் எவ்வளவு?
* காளானாயின் அறைக் கொள்ளளவு, கீரையாயின் விளக்கின் வாட் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்ட காற்றின் அளவு என்ன?
* குழாயின் நீளம், வளைவுகள், வடிகட்டி, நனைதிண்டு ஆகியவற்றின் தடையில் விசிறி எவ்வளவு காற்றைத் தரும்?
* வேகத்தைச் சீராகக் குறைக்க முடியுமா?
* 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நீர்த்தெறிப்புப் பாதுகாப்பு, உத்தரவாதம் ஆகியவை உள்ளனவா?
* கோடையில் தேவையான நீருக்கும், மின்தடையின்போது மாற்று மின்சாரத்துக்கும் ஏற்பாடு உள்ளதா?

புதிதாகத் தொடங்குவோர் விசிறி வாங்கும் முன் வெப்பம், ஈரப்பதம் காட்டும் சிறு கருவியை அறையில் ஒரு வாரம் வைத்துப் பார்ப்பது பயன் தரும். புனே வேளாண் கல்லூரியில் அகில இந்திய ஒருங்கிணைந்த காளான் ஆராய்ச்சித் திட்டத்தின் மையம் இயங்கி வருகிறது. தமிழகத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும், தேசிய அளவில் இமாச்சலப் பிரதேசத்தின் சோலனில் உள்ள காளான் ஆராய்ச்சி இயக்ககமும் வளர்ப்போருக்குப் பயிற்சி அளிக்கின்றன.